பின்கதவின் கண்ணாடி

கண்ணாடி இறங்கியது. இறங்கும்போது வயிற்றுவலிக்காரர் போல ஒரு முனகல் முனகியது. பிறகு மேலே வரவில்லை. கார் தானாகச் செய்தது அவ்வளவுதான். அதன்பின் அன்றும் மறுநாளும் நடந்தவை எல்லாம் நாங்கள் செய்தவை.

மறுநாள் காலை மகளை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். ஆசிரியப் பயிற்சிக்கு ஆள் எடுக்கும் நேர்முகத் தேர்வு. அதற்கு முதல்நாள் என் கணவர், "எதற்கும் ஒருக்கா பாத்துவிடுவம்" என்று சொல்லிக் காருக்குள் ஏறினார். இடப்பக்கப் பின்கதவின் கண்ணாடி மூடித்தான் இருந்தது. அது வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக அதைத் திறந்தார்.

"நல்லா மூடிக் கிடந்ததை ஏன் திறந்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"திறக்காட்டி வேலை செய்யுதோ எண்டு எப்பிடித் தெரியும்?"

"இப்ப தெரிஞ்சிட்டுதே?"

"ஓம். வேலை செய்யேல்லை."

அவருக்கு அது ஒரு கண்டுபிடிப்பு. எனக்குக் காலில் இருந்து தலை வரைக்கும் சூடு ஏறியது.

எங்கள் வீட்டில் அந்தக் கண்ணாடிக்கு ஏன் அத்தனை பெறுமதி என்பதைச் சொல்லவேண்டும். எங்கள் மகளுக்குத் தொய்வு. சிறுவயதிலிருந்தே தூசி பட்டால் நெஞ்சுக்குள் விசில் ஊதும். பிறகு மூச்சு முட்டி இழுக்கும். நாங்கள் இருப்பது வட்டக்கச்சிப் பக்கத்தில். வீட்டு வாசலிலிருந்து கிளிநொச்சி தார் றோட்டு வரைக்கும் கிரவல் பாதை. சோளகக் காற்று தொடங்கினால் அந்தப் பாதையில் ஒரு மாட்டுவண்டில் போனாலே வீட்டுச் சுவர் சிவக்கும். லொறி போனால் பக்கத்து வேலி தெரியாது. கொழும்பில் கந்தோர் வேலையை விட்டுவிட்டு, மத்தியதர வகுப்புக்கென்று கொடுத்த வயல் காணியை எடுத்துக்கொண்டு இவர் எங்களை இங்கே கொண்டுவந்தபோது, தண்ணீர் இருக்கிறதா, பள்ளிக்கூடம் இருக்கிறதா என்று எல்லாம் விசாரித்தேன். பாதையைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை.

போன முறையும் மகள் இதே நேர்முகத் தேர்வுக்குப் போனாள். பஸ்ஸில் போனாள். போய்ச் சேரும்போதே நெஞ்சு ஊதத் தொடங்கியிருந்தது. தேர்வாளர்களில் ஒருவர் அவளுடைய சான்றிதழ்களைப் பார்த்துவிட்டு, "கெட்டிக்காரி. ஆனால் எனக்குப் பதில் சொல்லவே உமக்கு மூச்சுக் காணேல்லை. ஒரு வகுப்புப் பிள்ளையளுக்கு முன்னால என்னெண்டு நிப்பீர்?" என்று கேட்டாராம். அதற்குப் பதில் சொல்லவும் அவளுக்கு மூச்சு இருக்கவில்லை. அடுத்த வருடம் அவள் வயதெல்லையைத் தாண்டிவிடுவாள். ஆகவே இதுதான் கடைசி.

ரயிலில் போகலாம்தான். கரிப்புகை அவளுக்குத் தூசியைவிட மோசம். முதல்நாளே போய் யாழ்ப்பாணத்தில் தங்கலாம் என்றால், எங்கள் உறவினர் வீடுகளில் அறை முழுக்கப் புகையிலை அடுக்கியிருக்கிறது. வாசலில் கால் வைத்ததுமே அவளுக்குத் தும்மல். இதையெல்லாம் யோசித்துத்தான் இவர் கொழும்பில் பழைய கந்தோர் நண்பர் ஒருவரைப் பிடித்து, நாட்டைவிட்டுப் போன வெள்ளைக்காரர் ஒருவரின் அமெரிக்கக் காரை வாங்கினார். பெரும்போக நெல் விற்ற பணம் அதற்குள் போனது. எருமை மாடு படுத்தது போல நீளமான கார். கண்ணாடிகளைக் கையால் சுற்றத் தேவையில்லை. கதவில் ஒரு சின்ன நெம்பு, அதை அழுத்தினால் கண்ணாடி தானே ஏறும், தானே இறங்கும். ஏறினால் ரப்பருக்குள் போய் இறுகிக்கொள்ளும். "ஒரு துணிக்கை உள்ளுக்க வராது" என்று இவர் ஊரெல்லாம் சொன்னார். பிள்ளைகள் வேலியோரம் வந்து நின்று, "ஐயா, ஒருக்கா ஏத்திக் காட்டுங்கோ" என்று கேட்பார்கள். இவரும் ஏற்றி இறக்கிக் காட்டுவார்.

அந்தக் கண்ணாடிதான் இப்போது கதவுக்குள் இறங்கிப்போய், விளிம்பு மட்டும் விரலளவு வெளியே தெரிய நின்றது.

இவர் பின்கதவு நெம்பை அழுத்தினார். பிறகு சாரதி ஆசனத்தில் ஏறி, அங்கே நாலு கண்ணாடிக்கும் இருந்த நெம்புகளில் அதற்குரியதை அழுத்தினார். பிறகு இரண்டையும் ஒன்றாக அழுத்த என்னையும் பின்னால் ஏற்றினார். "நான் சொல்லேக்க அமத்தும்" என்றார். இருவருமாக அமத்தினோம். ஒன்றும் நடக்கவில்லை. "இன்னும் ஊண்டி அமத்தும்" என்றார், கண்ணாடி ஏதோ எங்கள் விரல் பலத்தில்தான் ஏறுவது போல.

"பியூஸ் போட்டுது" என்றார்.

"பியூஸ் போனா மத்தக் கண்ணாடி மூண்டும் எப்பிடி வேலை செய்யுது?"

அவர் பியூஸைக் கழற்றினார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. துடைத்துத் திரும்பப் போட்டார்.

நான் பாடசாலையில் கணிதமும் கொஞ்சம் விஞ்ஞானமும் படிப்பிப்பவள். கார் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் பிறகு நானே முன்னால் போய் நெம்பை அழுத்தியபோது ஒன்றைக் கவனித்தேன். மின்சாரத்தைக் காட்டும் ஊசி ஒவ்வொரு தடவையும் சட்டென்று கீழே விழுந்தது. நெம்பை விட்டால் மேலே வந்தது. பின்கதவில் காதை வைத்தால் உள்ளே மெதுவாக ஒரு உறுமல்.

"இஞ்சாருங்கோ, கரண்ட் போகுது. மோட்டரும் சுத்தப் பாக்குது. ஏதோ பிடிச்சு வைச்சிருக்கு. கதவைக் கழட்டிப் பாப்பம்."

"நீர் சும்மா இரும். அமெரிக்கன் காரின்ரை கதவைக் கழட்டி, பிறகு பூட்டத் தெரியாமல் நிக்கவோ? கராச்சுக்குக் கொண்டுபோவம்."

இந்த இடத்தில் நான் பிடிவாதம் பிடித்திருந்தால் என்று நினைத்துப் பார்ப்பதில் பயனில்லை. பிடிவாதம் பிடித்தேன். அவர் காரைக் கிளப்பிவிட்டார். ஓடும் காருக்குள் நானும் ஏறிக்கொண்டேன், அவ்வளவுதான்.

மகளை வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். திறந்திருந்த கண்ணாடி வழியாகக் கிரவல் தூசி தாராளமாக வந்தது. கிளிநொச்சிக்குப் போய்ச் சேரும்போது என் வெள்ளைச் சேலை சிவப்பாகிவிட்டது. பின் ஆசனத்தில் விரலால் பெயர் எழுதலாம். நாளைக்கு மகள் இருக்கப்போகும் ஆசனம் அது. இதுவே அவளுடைய நெஞ்சுக்குள் போயிருந்தால் என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன்.

கராச்சில் கார் திருத்தும் பாஸ் எங்கள் காரைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். பானெட்டைத் தட்டிப் பார்த்தார். ரயரை உதைத்துப் பார்த்தார்.

"கண்ணாடிதான் பாஸ் பழுது" என்றேன்.

"தெரியும் ரீச்சர். எல்லாம் பாக்கத்தானே வேணும்." நெம்பை ஒருதரம் அழுத்தினார். "சுவிச் போட்டுது."

"சுவிச்சை அமத்தினா ஊசி விழுது. சுவிச் போனா ஊசி விழுமோ?"

பாஸ் என்னை விட்டுவிட்டு என் கணவரைப் பார்த்தார். "ஐயா, ரீச்சர் எனக்கும் வகுப்பு எடுக்கிறாவே?"

இவர் சிரித்தார். சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

பாஸ் நெம்பைக் கழற்றினார். வயர்களை வெளியே இழுத்தார். "டிறெக்டா குடுத்துப் பாப்பம்" என்று சொல்லி, பற்றரியிலிருந்து நீளமாக ஒரு வயரைக் கொண்டுவந்து ஒன்றோடு தொட்டார். பட்டென்று ஒரு பொறி பறந்தது. கருகல் மணம் வந்தது. கண்ணாடி அசையவில்லை. வேறொரு வயரோடு தொட்டார். இன்னொரு பொறி. முன்பக்கத்தில் எங்கேயோ உள்ளே ஏதோ சுருங்கிப் புகைந்தது. அதன்பின் எந்த நெம்பை அழுத்தினாலும் எந்தக் கண்ணாடியும் அசையவில்லை. ஊசியும் விழவில்லை.

"இதென்ன பாஸ்?" என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. "ஒண்டு பழுதெண்டு கொண்டுவந்தம். நாலையும் பழுதாக்கிப் போட்டியள்."

"பதறாதையுங்கோ ரீச்சர். மத்த மூண்டும் மேலதானே நிக்குது? கீழ நிக்கேக்க போயிருந்தா என்ன செய்வியள்? அதுக்குச் சந்தோசப்படுங்கோ." வயர் நுனிகளைச் சுருட்டிக் கதவுக்குள் திணித்தார். "இது கொழும்புக்குத்தான் அனுப்பவேணும் ஐயா. இஞ்ச ஆர் இதுகளைக் கண்டது? அதோட, கண்ணாடி மழைக்குத்தானே? இப்ப என்ன மழையே?"

வந்த வழியாலேயே திரும்பினோம். தூசி உள்ளே வந்துகொண்டிருந்தது. வாயைத் திறக்கவும் முடியாது. அவர் ஒருதரம் மட்டும், "அந்த ஆள் சொன்னதிலயும் ஒரு ஞாயம் இருக்கு. மத்தது மூண்டும் மேலதான் நிக்குது" என்றார். நான் அந்தப் பக்கம் திரும்பி வயலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் மகள் பாடப் புத்தகத்தை உரத்து வாசித்துப் பழகிக்கொண்டிருந்தாள். தேர்வில் வாசிக்கச் சொல்வார்கள். எங்கள் முகங்களைப் பார்த்ததும் புத்தகத்தை மூடினாள். "சரிவரேல்லையோ?" என்று மட்டும் கேட்டாள். அவள் குறை சொல்லிப் பழகாதவள். எனக்கு அதுவே பெரும் கவலை.

பக்கத்துக் காணிக்காரர் வேலியைத் தாண்டி வந்தார். எங்களுக்கு முன்னரே வந்து குடியேறியவர். வயல் விஷயத்தில் என் கணவருக்கு வலதுகை. "என்ன தம்பி, கார் வாய் திறந்துகொண்டு நிக்குது?" என்றார். விஷயத்தைக் கேட்டதும் திருப்புளி கொண்டுவரப் போனார். கதவைக் கழற்றுவோம் என்று நான் காலையில் சொன்னதைத்தான் அவரும் சொன்னார். அவர் சொன்னதும் என் கணவர், "ஓம் அண்ணை, அதுதான் சரி" என்றார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கைதாங்கிக்குக் கீழே ஒளிந்திருந்த ஆணிகளைத் தேடவே நேரம் போனது. கைபிடி வந்தது. தோல் உறை போட்ட உட்பலகையை இருவரும் விளிம்பில் பிடித்து நெம்பினார்கள். அது டக் டக்கென்று கழன்று வந்ததும் ஒரு மணம் வெளியே வந்தது. குளக்கரைச் சேறு, ஊறிய சாக்கு, அழுகிய வைக்கோல், மூன்றும் கலந்த மணம். உள்ளே கறுப்புத் தார்க் கடதாசி ஒட்டியிருந்தது. அதைப் பக்கத்துக் காணிக்காரர் கிழித்தார். குனிந்து பார்த்தவர் எழும்பவே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது.

"என்ன அண்ணை?"

"தங்கச்சி, வந்து பாருங்கோ. உங்கட மனிசன் கதவுக்குள்ள விதைச்சிருக்கிறார்."

நானும் குனிந்து பார்த்தேன். கதவின் அடியில் நாற்று மேடை. வெளிச்சம் காணாத நெற்பயிர், வெள்ளை வெளேரென்று, ஒரு சாண் உயரத்துக்கு நெளிந்து வளர்ந்திருந்தது. வேர்கள் பாய் பின்னியது போலப் பின்னி, கண்ணாடியைத் தூக்கும் இரும்புக் கைகளுக்குள்ளும் பல்சக்கரத்துக்குள்ளும் புகுந்திருந்தன. சக்கரத்தின் பற்களுக்கு நடுவில் நெல்மணிகள் நெரிபட்டுக் கிடந்தன. தண்ணீர் வடிவதற்குக் கதவின் அடியில் விட்டிருந்த துளைகளையும் வேரும் உமியும் அடைத்துவிட்டன. அதனால் அடியில் ஒரு குட்டிக் குளம். அதன்மேல் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் மெத்தையாகப் படர்ந்திருந்தது. மோட்டர் பாதி அதற்குள் இருந்தது.

சிறுபோக விதைப்பு. எனக்கு உடனே விளங்கிவிட்டது. விதைநெல்லைச் சாக்கோடு தண்ணீரில் ஊறப்போட்டு, எடுத்து மூடிவைத்து, முளை கண்டதும் வயலுக்குக் கொண்டுபோய் அன்றே வீசவேண்டும். வண்டிலில் போனால் வெயிலில் முளை காய்ந்துவிடும், ஆட்டத்தில் முறிந்துவிடும் என்று இந்த இருவரும் கார் வந்த நாளிலிருந்து பேசிக்கொண்டிருந்தார்கள். "முளைநெல்லுக்கு உங்கட கார் தொட்டில் மாதிரி" என்றார் பக்கத்துக் காணிக்காரர். ஈரச் சாக்குகள் பின் ஆசனத்தில் ஏறின. நிமிர்த்தி வைத்த சாக்கின் தலை கூரையில் முட்டியதால், இடப்பக்கக் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே விட்டுச் சாய்த்துக்கொண்டார்கள். நான் ஆசனம் பழுதாகும் என்று சத்தம் போட்டேன். அதற்காக ஆசனத்தில் வேறு சாக்கு விரித்தார்கள். கண்ணாடி இறங்கும் இடுக்குக்கு ஒன்றும் விரிக்கவில்லை. சாக்கிலிருந்து தண்ணீரும், கிழிசலிலிருந்து நெல்லும் வழி முழுக்க அதற்குள் இறங்கியிருக்கின்றன. விதைப்பு முடிந்தபிறகு கண்ணாடியை ஏற்றியபோது அது முனகியதும், "கிறீஸ் காணாது" என்று இவர் சொன்னதும் நினைவுக்கு வந்தது.

பக்கத்துக் காணிக்காரர் ஒரு பயிரைப் பிடுங்கி வேரைப் பார்த்தார். "பொக்குக் குறைவு. எல்லாம் முளைச்சிருக்கு. விதை திறம் தம்பி."

"நான் சொன்னன்தானே, அந்த விதை நல்லதெண்டு" என்றார் என் கணவர்.

"ஐயோ, ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடுங்கோ!" என்றேன்.

முற்றத்தின் மறுபக்கத்தில், காற்றுக்கு மேல்பக்கமாக நின்ற மகள், முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு சிரித்தாள். "அப்பா, வரம்பு கட்டேல்லையோ?" என்றாள். அன்று அவள் சிரித்தது அந்த ஒரு தரம்தான். என்னால் சிரிக்க முடியவில்லை. இவர் பெருமையாகச் சொன்ன "ஒரு துணிக்கை உள்ளுக்க வராது" என்ற காருக்குள் ஒரு வயலே வந்துவிட்டது. நாளைக்கு அதில்தான் என் பிள்ளை போகவேண்டும்.

வேரை அறுத்தார்கள், பிடுங்கினார்கள், கையால் அள்ளினார்கள். கை எட்டாத மூலைகளுக்குக் குச்சி விட்டுக் கிளறினார்கள். மோட்டர் செத்துத்தான் போயிருந்தது. அது பற்றி இனிப் பேச்சில்லை. ஆனால் கண்ணாடி விடுபட்டது. ஒருவர் கீழிருந்து தள்ள, மற்றவர் மேலிருந்து இழுக்க, அது மெல்ல ஏறி ரப்பருக்குள் போனது. அது திரும்ப விழாமல் பாலைமரத் தடி ஒன்றை அளந்து வெட்டி, கண்ணாடிக்குக் கீழே முட்டுக்கொடுத்தார்கள். எஞ்சியதைக் கழுவிக் காயவிட்டுப் பூட்டுவோம் என்றேன். "பொழுது படுகுது. காய எங்க நேரம்?" என்று உட்பலகையை வைத்து அடித்துப் பூட்டினார்கள். ஆசனத்தின் தூசியை நானே ஈரத்துணியால் திரும்பத் திரும்பத் துடைத்தேன். முன் கதவுகளிலிருந்த சின்ன முக்கோணக் கண்ணாடிகளின் இடுக்குகளிலும் பழைய சீலைத் துண்டைத் திணித்தோம். அந்தக் கார் அதற்கு முன் ஒருநாளும் அத்தனை இறுக்கமாக மூடியிருந்ததில்லை.

காலையில் வெளிக்கிட்டோம். இவர் ஓட்டினார், நான் பக்கத்தில், மகள் பின்னால் இடப்பக்கம். கிரவல் பாதையில் எதிரே ஒரு லொறி வந்தது. சிவப்புத் தூசி எங்கள்மேல் மலையாகச் சரிந்தது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. இவர் காரை நிறுத்தினார். தூசி அடங்கியதும் நான் திரும்பிப் பின் ஆசனத்தையும் அவளுடைய இளநீலச் சேலையையும் பார்த்தேன். ஒரு பொட்டுத் தூசி இல்லை.

"பாத்தியளே!" என்றார் இவர். அவர் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் மறுக்கவில்லை. எனக்கும் அப்போது நெஞ்சுப் பாரம் இறங்கியது. முதல்நாள் பட்ட பாடெல்லாம் சரிதான் என்று பட்டது.

தார் றோட்டுக்கு ஏறினோம். பரந்தனைத் தாண்டினோம். வெயில் ஏற ஏற உள்ளே அவிந்தது. என் கழுத்தால் வியர்வை ஓடியது. மகள் பேசவில்லை. தேர்வுக்குப் போகும் பிள்ளை, மனதுக்குள் பாடம் சொல்லிக்கொள்கிறாள் என்று நினைத்தேன். இயந்திரத்தின் சத்தத்துக்கு அடியில் மெல்லிதாக ஒரு சத்தம் கேட்டது. நான் அதைக் காரின் சத்தம் என்று எண்ணினேன். பிறகு அது மூச்சின் தாளத்தில் வருவதைக் கவனித்துத் திரும்பினேன்.

அவள் முன்னால் குனிந்து, இரு கைகளையும் முழங்காலில் ஊன்றி, தோள்களைத் தூக்கித் தூக்கி மூச்செடுத்துக்கொண்டிருந்தாள். உதடு கறுத்திருந்தது.

"காத்து..." என்றாள். "அம்மா, கண்ணாடி..."

என் கை தானாகவே நெம்புக்குப் போனது. அழுத்தினேன். அழுத்திக்கொண்டே இருந்தேன். மற்றக் கையால் முக்கோணக் கண்ணாடியில் திணித்த துணியை இழுத்தேன். அது இறுகிக் கிழிந்து பாதிதான் வந்தது. "நிப்பாட்டுங்கோ! நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினேன். அப்போது கார் ஆனையிறவில் ஏறியிருந்தது. அவர் ஓரம் கட்டி நிறுத்துவதற்குள் நான் இறங்கி ஓடிப் பின்கதவை இழுத்தேன். கதவைத் திறந்ததும் எனக்கு அந்த மணம் அடித்தது. ஊறிய சாக்கும் பூஞ்சணமும், வெயிலில் வெந்து, முதல்நாளைவிடப் பலமடங்கு. முன்னால் இருந்த எனக்கு அது இவ்வளவு எட்டவில்லை. அவள் அந்தக் கதவோடு ஒட்டி இருந்திருக்கிறாள், வீட்டிலிருந்து அதுவரைக்கும்.

தூக்கி வெளியே விட்டோம். இரண்டு பக்கமும் கடல்நீர். சோளகம் ஆளைத் தள்ளுமளவுக்கு அடித்தது. உப்புக் காற்று. அவள் றோட்டோரக் கல்லில் இருந்து, காற்றின் பக்கம் முகத்தைக் கொடுத்தாள். முட்டுக்கென்று எப்போதும் கைப்பையில் வைத்திருக்கும் குளிசையை அவளுடைய நாக்கின்கீழ் வைத்தேன். முதுகைத் தடவ மட்டும்தான் என்னால் முடிந்தது. லொறிக்காரர்கள் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்துக்கொண்டு போனார்கள். இவர் பக்கத்தில் நின்று, "பிள்ளை, பிள்ளை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். 

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. முதலில் தோள்கள் இறங்கின. பிறகு உதட்டில் நிறம் வந்தது. விசில் தூரமாகப் போனது. அவள் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள்.

"எப்ப தொடங்கினது?" என்று கேட்டேன்.

"கிரவல் றோட்டிலயே மணந்தது அம்மா. நெஞ்சு பிடிக்கிற மாதிரி இருந்தது."

"அப்பவே ஏன் சொல்லேல்லை?" கோபத்தில்தான் கேட்டேன். யார்மீது கோபம் என்று அப்போது தெரியவில்லை.

"நேற்று முழுக்க ரெண்டு பேரும் எவ்வளவு பாடுபட்டு மூடினியள். எப்பிடித் திறக்கச் சொல்லுறது?"

இந்தப் பதிலை என்னால் இன்னும் தாங்க முடியவில்லை. கண்ணாடி, மோட்டர், பாஸ் எல்லாவற்றையும் ஏசிவிடலாம். இதற்கு யாரை ஏசுவது? இப்போதும் வீட்டில் அவள் அமைதியாக இருந்தால் நான் விடுவதில்லை. "என்ன செய்யுது? மூச்சு எப்பிடி இருக்கு? உண்மையைச் சொல்லு" என்று கேட்டுக் கேட்டு அவளுக்கு வெறுப்பு ஏற்றுகிறேன். "ஒண்டுமில்லை அம்மா" என்கிறாள். அந்த "ஒண்டுமில்லை"யை நம்புவதற்கு எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

அவர் காரின் பின்னால் போய், ரயர் கழற்றும் இரும்பை எடுத்துக்கொண்டு வந்தார். முதல்நாள் ஆணி ஆணியாகப் பூட்டிய உட்பலகைக்குள் அதைச் செருகி ஒரே இழுவையில் பிய்த்தார். தோல் கிழிந்தது. பலகை முறிந்தது. உள்ளே கையை விட்டுப் பாலைத் தடியை இழுத்தெடுத்துக் கடல்நீருக்குள் எறிந்தார். கண்ணாடி கதவுக்குள் தொப்பென்று விழுந்தது. அடியில் எங்கேயோ முட்டி உடையும் சத்தமும் கேட்டது. அவர் அதைக் குனிந்து பார்க்கவில்லை. கதவின் அடியில் எஞ்சியிருந்த சகதியைக் கையாலேயே வழித்து வழித்து வெளியே வீசினார். பிறகு மற்றக் கண்ணாடிகளைப் பார்த்தார், இரும்பைப் பார்த்தார்.

"வேண்டாம்" என்றேன். "ஒண்டு காணும். அவள் அந்தப் பக்கமே இருக்கட்டும். நேரம் போகுது."

"திரும்பிப் போவமோ?" என்று அவர் மகளைக் கேட்டார். "உனக்கு ஏலாட்டி வேண்டாம் பிள்ளை. இது ஒரு பெரிய காரியமில்லை."

"பெரிய காரியம்தான் அப்பா" என்றாள் அவள். எழும்பிச் சேலையை உதறிக்கொண்டு போய்ப் பின் ஆசனத்தில் ஏறினாள்.

காற்று வீசி அடிக்க ஓடினோம். அவளுடைய கொண்டை அவிழ்ந்தது. நான் பின்னால் அவளோடு இருந்துகொண்டு, சாவகச்சேரி வரைக்கும் அவளுடைய மூச்சை எண்ணிக்கொண்டு வந்தேன். ஏதாவது லொறி முன்னால் வந்தால் இவர் நன்றாகப் பின்தங்கி அதைப் போகவிட்டார். அதனால் நேரம் பிந்தியது.  தேர்வு நடக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளுடைய பெயரை ஒருதரம் கூப்பிட்டு விட்டிருந்தார்கள். இவர் வாசலில் நின்றவரோடு ஏதோ கெஞ்சினார். கடைசி ஆளாகக் கூப்பிடுகிறோம் என்றார்கள். அந்த அவகாசத்தில் நான் தண்ணீர்க் குழாயடியில் அவளுடைய முகத்தைத் துடைத்து, தலையை வாரிவிட்டேன். அவசரத்தில் கொண்டை கோணலாகத்தான் வந்தது.

அவள் உள்ளே போனாள். கதவு சாத்தப்பட்டது. நான் விறாந்தையில், அந்தக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் முதுகை வைத்துக்கொண்டு நின்றேன். இவர் தூரத்தில் வாசற்படியில் இருந்து கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நகங்களுக்குள் சகதி இன்னும் கறுப்பாக இருந்தது. உள்ளே ஆண்குரல் ஒன்று ஏதோ கேட்டது. அவள் சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை. பிறகு நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. போன முறை கேட்ட அதே கேள்வியைக் கேட்டிருப்பார்களோ, அவள் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறாளோ என்று நினைத்து, திரும்பிக் காதைச் சுவரில் வைத்தேன்.

அப்போது அவளுடைய குரல் வந்தது. வாசிக்கிறாள். கொஞ்சம் கரகரப்பு இருந்தது, ஆனால் சுவரைத் தாண்டி வருமளவுக்கு உரத்த குரல். நீளமான வசனமொன்று நடுவில் எங்கேயும் நிற்காமல் போய் முடிந்தது. அடுத்த வசனம் தொடங்கியது. ஒருதரம் இருமினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். இருமல் நின்றது, விட்ட சொல்லிலிருந்தே திரும்பவும் தொடங்கினாள்.

அவளை எடுத்துக்கொண்டார்கள் என்று தெரியவந்தது பல வாரங்களுக்குப் பிறகு. அன்று எங்களுக்கு ஒன்றும் தெரியாது. வெளியே வந்தவளுடைய கையைப் பிடித்து, உதட்டைப் பார்த்து, நெஞ்சில் காதை வைக்காத குறையாக நின்றேன். இவரும் எழும்பி ஓடி வந்தார்.

"என்ன கேட்டவை?"

"வாசிக்கச் சொன்னவை அம்மா. காணும், போதும் எண்டு சொல்லுமட்டும் வாசிச்சன்."